நிழலில் பிழைக்கும் செடி

வெயில் விழாத கொல்லையில் என்ன செடி வைப்பது? ஆதம்பாக்கத்தில் இந்தக் கேள்வி எழாத வீடு குறைவு. பக்கத்து மனையில் மாடி எழும்பிவிட்டது. இந்தப் பக்கம் வேப்பமரம் குடை பிடிக்கிறது. ரோஜா வைத்தால் மொட்டு விடுவதில்லை. மல்லிகை வைத்தால் கொடி ஓடுகிறது, பூ இல்லை. கடைசியில் ஒரு சேம்பும் ஒரு மணிபிளாண்ட்டும் வைத்துத் திருப்தி அடைந்துவிடுகிறோம்.

குளிர் நாட்டுக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்களுக்கு ஹோஸ்டா என்று ஒரு செடி இருக்கிறது. நிழல்தான் அதற்குப் பிடித்த இடம். இலை வெற்றிலை வடிவில் இருக்கும். சேம்பிலை அளவுக்குப் பெரிதாகும் ரகங்களும் உண்டு. பச்சை, நீலம் கலந்த பச்சை, மஞ்சள் கரை போட்ட பச்சை என்று பல நிறங்கள். நம் ஊர்ச் சம்பங்கிக்கு அது தாவரக் குடும்பத்தில் ஒன்றுவிட்ட உறவு.

ஹோஸ்டாவின் சொந்த பூமி ஜப்பான், சீனா, கொரியா ஆகிய நாடுகள். ஜப்பானிலிருந்து அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு சேர்த்தவர்களில் முதன்மையானவர் ஒரு வைத்தியர். பெயர் பிலிப் பிரான்ஸ் வான் சீபோல்ட். அழகுக்காக வைக்கும் இந்தச் செடியின் கதையில் ஒரு பெண்ணின் கண்ணீர் இருக்கிறது. ஒரு நண்பரின் உயிரும் இருக்கிறது.

விசிறித் தீவு

சீபோல்ட் ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் நகரில் 1796-ம் ஆண்டு பிறந்தார். வைத்தியர்கள் நிறைந்த குடும்பம். தந்தை சின்ன வயதிலேயே காலமானார். மகன் படித்து 1820-ல் வைத்தியப் பட்டம் பெற்றார். ஆனால் சொந்த ஊரில் உட்கார்ந்து நாடி பார்க்க அவருக்கு மனம் இல்லை. தூர தேசம் போக வேண்டும், புதுச் செடிகளைக் காண வேண்டும் என்பதே ஆசை. டச்சு சர்க்காரில் வைத்திய உத்தியோகம் கிடைத்தது. கப்பல் ஏறினார்.

அந்நாளில் ஜப்பான் கதவைப் பூட்டி வைத்திருந்தது. ஐரோப்பியர்களில் டச்சுக்காரர்களுக்கு மட்டுமே வியாபாரம் செய்ய அனுமதி. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்து வியாபாரம் செய்தார்களே, அதே டச்சுக்காரர்கள்தான். அவர்களும் நாகசாகி துறைமுகத்தில் டெஜிமா என்ற தீவில்தான் இருக்க வேண்டும். அது விசிறி வடிவத்தில் மனிதர் கட்டிய சின்னத் தீவு. ஊருக்குப் போக ஒரே பாலம். பாலத்தில் காவல்.

1823-ல் சீபோல்ட் அங்கே வந்து இறங்கினார். அவர் பேசிய டச்சு மொழி கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவர் மலைநாட்டு டச்சுக்காரர் என்று சொல்லிச் சமாளித்தார்கள். ஹாலந்தில் மலையே கிடையாது!

ஆனால் அவர் கைராசிக்காரர். நோயாளிகளைப் பார்க்கத் தீவை விட்டு வெளியே போகவும் அனுமதி கிடைத்தது. 1824-ல் நாருதகி என்ற இடத்தில் ஒரு பள்ளி தொடங்கினார். ஜப்பானிய வாலிபர்கள் அங்கே மேல்நாட்டு வைத்தியம் கற்றார்கள். சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது என்று விதி. அதனால் குணமானவர்கள் ஏதாவது ஒரு பொருளைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவருக்கு அதுதான் வேண்டும். வீட்டின் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானியச் செடிகளைச் சேர்த்துவிட்டார்.

டாகியும் இனேயும்

டாகி என்ற ஜப்பானியப் பெண்ணோடு சீபோல்ட் குடித்தனம் நடத்தினார். முறைப்படி கல்யாணம் செய்துகொள்ளச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 1827-ல் இனே என்ற பெண் குழந்தை பிறந்தது. நீல நிறத்தில் பந்து பந்தாகப் பூக்கும் ஒரு செடிக்குச் சீபோல்ட் டாகியின் பெயரைச் சூட்டினார். ஊட்டி, கொடைக்கானல் தோட்டங்களில் காணும் ஹைட்ரேஞ்சியாதான் அது.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை.

படத்தால் வந்த வினை

1826-ல் தலைநகரான எடோவுக்குச் சீபோல்ட் போயிருந்தார். இன்றைய டோக்கியோதான் அந்நாளைய எடோ. அங்கே தகஹாஷி என்ற வானநூல் அறிஞரோடு சிநேகம் ஏற்பட்டது. சீபோல்ட் அவருக்கு மேல்நாட்டுப் புத்தகங்கள் கொடுத்தார். பதிலுக்கு அவர் ஜப்பான் தேசப் படத்தின் பிரதியைக் கொடுத்தார். இருவருமே அறிவுப் பசி கொண்டவர்கள். ஆனால் தேசப் படத்தை அந்நியர் கையில் கொடுப்பது பெருங்குற்றம்.

1828-ல் விஷயம் வெளிப்பட்டது. தகஹாஷி சிறையில் அடைக்கப்பட்டு, 1829-ல் அங்கேயே இறந்தார். இறந்த பிறகும் அவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். சீபோல்டுக்கு உதவிய மொழிபெயர்ப்பாளர்களும் மாணவர்களும் தண்டனை அடைந்தார்கள். சீபோல்டுக்குக் கிடைத்தது நாடு கடத்தல். இனி இந்த மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு.

ஆசைப்பட்டுப் படம் கேட்டவர் உயிரோடு கப்பல் ஏறினார். கொடுத்தவர் சிறையில் மடிந்தார். சீபோல்டின் பெருமையைப் பேசும்போது இதை மறைக்கக் கூடாது.

கப்பலில் செடிகளுக்கு இடம் இருந்தது. டாகிக்கும் இரண்டு வயதுக் குழந்தைக்கும் இடம் இல்லை. ஜப்பானியர் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்பது அன்றைய சட்டம். பின்னால் டாகி அவருக்கு ஒரு அரக்குப் பெட்டியை அனுப்பினாள். அதன் மூடியில் சிப்பி பதித்து, தன் உருவத்தையும் குழந்தையின் உருவத்தையும் அமைத்திருந்தாள்.

செடிகள் பிழைத்தன

1830-ல் சீபோல்ட் ஐரோப்பா சேர்ந்தார். பெல்ஜியத்தில் கெண்ட் நகரத் தாவரத் தோட்டத்தில் செடிகளை வைத்தார்கள். அந்த ஆண்டே அங்கே புரட்சி வெடித்தது. செடிகளை விட்டுவிட்டு அவர் ஹாலந்தில் உள்ள லைடன் நகரத்துக்குப் போக வேண்டியதாயிற்று. மறுபடியும் பிரிவு!

கெண்ட் நகரத் தோட்டக்காரர்கள் அந்தச் செடிகளைப் பெருக்கினார்கள். பல ஆண்டுகள் கழித்து ஒரு பகுதி அவரிடம் திரும்பி வந்தது. லைடனில் அவரே நாற்றுப் பண்ணை வைத்து, ஜப்பானியச் செடிகளை விற்றார். நீலம் கலந்த பெரிய இலையுள்ள ஒரு ஹோஸ்டாவுக்கு இன்றும் அவர் பெயர்தான் வழங்குகிறது. 1845-ல் ஜெர்மன் மாது ஒருவரை மணந்துகொண்டார். பிள்ளைகள் பிறந்தார்கள்.

ஜப்பானில் விட்டு வந்த இனே என்ன ஆனாள்? சீபோல்டின் பழைய மாணவர்கள் குருவின் மகளைக் கைவிடவில்லை. அவளுக்கு வைத்தியம் கற்றுக் கொடுத்தார்கள். பெண்கள் வைத்தியம் படிப்பதே அபூர்வமான காலம். அதிலும் அவள் அந்நியருக்குப் பிறந்தவள். ஊராரின் ஏளனத்தைத் தாங்கிக்கொண்டு படித்தாள்.

முப்பது ஆண்டுக்குப் பின்

ஜப்பான் கதவைத் திறந்தது. தடை உத்தரவும் நீங்கியது. 1859-ல் சீபோல்ட் தம் மூத்த மகனுடன் நாகசாகியில் வந்து இறங்கினார். அவருக்கு வயது 63. டாகி வேறொருவரை மணந்து வாழ்ந்தவள். இனேக்கு வயது 32. தந்தை விட்டுப் போனது மழலை பேசும் குழந்தையை. திரும்பி வந்து கண்டது ஒரு வைத்தியரை!

1862-ல் சீபோல்ட் மறுபடியும் ஜப்பானை விட்டுப் புறப்பட்டார். 1866-ல் மியூனிக் நகரில் காலமானார். மேல்நாட்டு முறையில் வைத்தியம் செய்த முதல் ஜப்பானியப் பெண் என்று இனே புகழ் பெற்றார். 1873-ல் ஜப்பானிய அரண்மனையில் நடந்த பிரசவத்துக்கு அவரை அழைத்தார்கள். 1903-ல் மறைந்தார்.

நம் கொல்லையில்

ஹோஸ்டாவை நம் ஊரில் வளர்க்கலாமா? ஆசை வேண்டாம். குளிர்காலத்தில் அதன் இலைகள் எல்லாம் பழுத்து உதிர்ந்துவிடும். செடி செத்துவிட்டது என்றே தோன்றும். ஆனால் மண்ணுக்குள் கிழங்கு தூங்கிக்கொண்டிருக்கும். பனி விலகியதும் கூர் கூராக முளை விடும். அந்தக் குளிர்த் தூக்கம் இல்லாவிட்டால் செடி வருஷத்துக்கு வருஷம் மெலியும். சென்னையில் அந்தக் குளிருக்கு எங்கே போவது?

ஆனால் அதை வளர்க்கும் முறை நமக்கும் உதவும். காலை இளவெயில் படலாம், மத்தியான வெயில் படக் கூடாது. மண்ணில் மக்கிய இலை கலந்திருக்க வேண்டும். ஈரம் இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. மழைக்காலத்தில் நத்தையைப் பொறுக்கி எறிய வேண்டும். வேப்பமரத்தடியில் கலேடியம், சேம்பு, பெரணி எல்லாம் இப்படி வளர்த்தால் நன்றாக வரும். வாசலில் கூட்டிய சருகை எரிக்காமல் ஒரு குழியில் போட்டு மக்க விடுங்கள். அதுவே போதுமான எரு.

பூ இல்லையே என்று வருந்த வேண்டாம். நிழலில் நிற்கும் செடிக்கு இலையே அழகு. இனேயும் அப்படித்தான். தந்தையின் நிழல்கூட இல்லாமல் வளர்ந்து, தன் பெயரை நிலைநாட்டிக்கொண்டார்.