காந்தியின் பேச்சுக் கூச்சம்

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி (அக்டோபர் 2, 1869 - ஜனவரி 30, 1948) இந்திய விடுதலை இயக்கத்தின் முதன்மைத் தலைவர் ஆவார். பெருங்கூட்டங்களில் உரையாற்றிய இவர், இளமையில் நான்கு பேர் முன் வாய் திறக்க இயலாதவராக இருந்தார். இதனை இவரே தமது சுயசரிதையில் விரிவாக எழுதியுள்ளார்.

இளமை

ராஜ்கோட்டில் பயின்றபோது பள்ளி தொடங்கும் நேரத்திற்குச் சென்று, முடிந்தவுடன் வீட்டிற்கு ஓடிவிடுவார். யாரேனும் பேச்சுக் கொடுத்துக் கேலி செய்துவிடுவர் என்பதே அச்சம். லண்டனில் (1888-1891) சைவ உணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் இருந்தும் பேசியதில்லை. டாக்டர் அலின்சனை நீக்குவது குறித்த விவாதத்தில் தம் கருத்தைத் தாளில் எழுதிச் சென்றார். வேறொருவரே அதனை வாசித்தார். வென்ட்னர் நகரக் கூட்டத்தில் ஒரு பக்க உரையைக்கூடப் படிக்க முடியாமல் கண் மங்கி, உடல் நடுங்கியது. அங்கும் நண்பர் மஜ்முதார் வாசித்தார். தாயகம் திரும்பிப் பம்பாயில் ஏற்ற முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்து, தலை சுற்ற அமர்ந்துவிட்டார். அவ்வழக்கிற்கான கட்டணம் 30 ரூபாய்.

இன்று இத்தகைய அச்சம் மிகுந்து அன்றாட வாழ்வைக் கெடுக்குமாயின் சமூகப் பதற்றம் எனப்படுகிறது. காந்திக்கு அந்நோய் இருந்தது என இப்போது முடிவு கட்டுவது பொருந்தாது. எனினும் ஒப்புமை தெளிவானது. குழந்தைக்காகப் பெற்றோரே பதில் சொல்லிவிடின் அப்போதைக்கு நிம்மதி கிட்டும், அச்சம் குறையாது. ஆகவே நடத்தைச் சிகிச்சையில் எளிய சூழலில் தொடங்கி, படிப்படியாகக் கடினமானவற்றை மீண்டும் மீண்டும் எதிர்கொள்ளச் செய்வர். மேரி கவர் ஜோன்ஸ் 1924-இல் பதிவு செய்த ஆய்வு இதற்கு முன்னோடி: முயலைக் கண்டு அஞ்சிய சிறுவன் உண்ணும்போது, அம்முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டு வந்தார்.

தென்னாப்பிரிக்கா

காந்திக்கு அப்படி எவரும் திட்டம் வகுக்கவில்லை. சூழலே வகுத்தது எனலாம். 1893-இல் பிரிட்டோரியாவில் இந்திய வணிகர் சிலரைக் கூட்டி, வணிகத்தில் வாய்மை பற்றிப் பேசினார். வாழ்வில் இவர் ஆற்றிய முதல் பொது உரை இதுவே. கூட்டம் சிறியது, பொருள் நன்கறிந்தது. இத்தகைய கூட்டங்கள் தொடர்ந்து நடந்தன. மூவருக்கு ஆங்கிலமும் கற்பித்தார்.

1894-இல் டர்பனில், முதலாளி அடித்ததால் முன்பற்கள் உடைந்து, கிழிந்த உடையுடன் பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி இவரிடம் வந்தார். அவரை வேறொரு முதலாளியிடம் மாற்றச் செய்தார்.

1896

தென்னாப்பிரிக்க இந்தியர் நிலையை விளக்கத் தாயகம் வந்தபோது பழைய கூச்சம் பம்பாயில் திரும்பியது. பெரிய மண்டபத்தில் குரல் எழாமல், உரையை வாச்சா வாசிக்க நேர்ந்தது. நடத்தைச் சிகிச்சையிலும் இத்தகைய பின்னடைவு அரிதன்று, புதிய, பெரிய சூழலில் அச்சம் தலைதூக்கும். அடுத்த மாதம் சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் நடந்த கூட்டத்திற்கு இவரது அளவில் நீண்ட உரை அச்சிடப்பட்டது. பாலசுந்தரம் நிகழ்வால் மனம் நெகிழ்ந்திருந்த சென்னை மக்கள் ஒவ்வொரு சொல்லையும் கூர்ந்து கேட்டனர். கூட்ட முடிவில் பச்சைத் துண்டறிக்கைக்குப் பெரும் தேவை எழவே, மறுபதிப்பாக 10,000 படிகள் அச்சிட்டார். அத்தனை தேவையில்லை எனப் பின்னர் உணர்ந்தார். கூச்சம் முழுதும் நீங்கவில்லை என்றும், முன்னறியாத அவையினர் முன் தயங்கியதாகவும் சுயசரிதையில் குறிப்பிட்டுள்ளார்.