முதல் ஊசி தம் உடலிலேயே

நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்யும் வைத்தியரும், பணிவிடை செய்யும் தாதியரும், ஏனைய ஆஸ்பத்திரி ஊழியரும் தடுப்பு ஊசி போட்டுக்கொண்டே தீரவேண்டுமென்று ஸர்க்கார் கட்டளையிடுவது நியாயமா? கொரோனா நோய் உலகெங்கும் பரவிநின்ற 2021ஆம் வருஷத்தில் இக்கேள்வி பல தேசங்களில் பெரும் விவாதமாயிற்று. இத்தாலி தேசம் அவ்வருஷம் ஏப்ரல் மாதத்தில் இதைச் சட்டமாக்கிற்று. பிரான்ஸ் தேசம் செப்டம்பர் 15 முதல், ஊசியை மறுத்த ஊழியரைச் சம்பளமின்றி வேலையினின்று நிறுத்திவைத்தது. இங்கிலாந்தோ, 2022 ஏப்ரலில் அமலுக்கு வரவிருந்த விதியை அந்நாள் வருமுன்னரே ரத்துச் செய்தது. அமெரிக்க ஸுப்ரீம் கோர்ட்டு 2022 ஜனவரி 13 அன்று, ஒரே நாளில், பெரிய கம்பெனிகளின் தொழிலாளருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனையைத் தடுத்தது. மத்திய ஸர்க்காரின் பணம் பெறும் ஆஸ்பத்திரிகளின் ஊழியருக்கு விதிக்கப்பட்டதை அனுமதித்தது.

நமது நாட்டில் 2021 ஜனவரி 16 முதல் அம்மருந்து முதன்முதலாக ஆஸ்பத்திரி ஊழியருக்கே வழங்கப்பட்டது. எனினும் அது கட்டாயமாக்கப்படவில்லை. எவரையும் பலவந்தமாக ஊசி போட்டுக்கொள்ளச் செய்யலாகாதென்றும், பொதுஜன க்ஷேமத்தை முன்னிட்டு அளவான கட்டுப்பாடுகளை விதிக்கலாமென்றும் நமது ஸுப்ரீம் கோர்ட்டு 2022 மே 2 அன்று தீர்ப்புக் கூறிற்று. வெளிநாட்டுக் கட்டளைகளில் பல பின்னர் நீக்கப்பட்டன. ஆனால் கேள்வி நீங்கிவிடவில்லை. மற்றொரு கொள்ளைநோய் வருங்காலத்தில் அதுவும் உடன் வரும். ஆகவே, அமைதியான காலத்திலேயே இதைச் சிந்தித்து வைப்பது நலமென்று கருதுகிறோம். அதற்குத் துணையாக, வாந்திபேதிக்கும் பிளேக் நோய்க்கும் தடுப்பு ஊசியை நம் நாட்டிற்குக் கொணர்ந்த ஹாப்கின் என்னும் பெரியாரின் சரித்திரத்தை நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

வால்டெமார் ஹாப்கின் 1860 மார்ச் 15 அன்று, அக்காலம் ருஷ்ய சாம்ராஜ்யத்தைச் சேர்ந்திருந்த ஒடெஸ்ஸா நகரில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்நகரின் சர்வகலாசாலையில் மெச்னிகாப் என்னும் பேராசிரியரிடம் பிராணி சாஸ்திரம் பயின்றார். ஜார் சக்கரவர்த்தியின் கொடுங்கோல் ஓங்கியிருந்த காலம் அது. மாணவராயிருந்தபோதே ஹாப்கின் புரட்சிக் கூட்டத்தாருடன் சேர்ந்தார், யூதர்மீது கலகக்காரர் பாய்ந்தபோது தற்காப்புப் படையில் நின்று காயமுற்றார், சிறையும் கண்டார். கல்வியில் தேர்ச்சி பெற்ற பின்னும், தம் மதத்தை விட்டு ருஷ்ய கிறிஸ்தவ மதத்தைத் தழுவினாலன்றிப் பேராசிரியர் பதவி கிடையாதென்ற நிலைமை ஏற்பட்டது. அவர் மதத்தை விடவில்லை, பதவியை விட்டார். 1888இல் ஜினீவா நகர் சென்று, மறுவருஷம் பாரிஸில் பாஸ்டர் ஸ்தாபனத்தை அடைந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த உத்தியோகம் புஸ்தகசாலைக் காப்பாளர் வேலையே. அவ்வேலையைச் செய்துகொண்டே எஞ்சிய நேரத்தில் வாந்திபேதிக் கிருமியை ஆராய்ந்தார்.

அவ்வாராய்ச்சியின் பயனாக வலிமை குன்றச்செய்த கிருமியைக் கொண்டு ஒரு தடுப்பு மருந்து உண்டாயிற்று. விலங்குகளிடம் சோதித்தபின், 1892 ஜூலை 18 அன்று அதை அவர் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். ஜுரம் வந்தது, சில நாளில் தணிந்தது. அதன் பின்னரே பிறருக்கு அளிக்க முற்பட்டார். பிறருக்குக் கொடுக்குமுன் தாம் ஏற்பது என்னும் இந்த விதியே அவர் வாழ்க்கை முழுவதற்கும் ஆணிவேராக நின்றதை மேலே காண்போம்.

வாந்திபேதியின் பிறப்பிடம் வங்காளம் என்பதால், மருந்தின் உண்மையை அங்கேதான் அறியமுடியுமென்று 1893இல் அவர் இந்தியாவுக்கு வந்தார். அந்நிய ஆட்சியின் உத்தியோகஸ்தர் துணையுடன் வந்த ஒரு வெள்ளையர், உடம்பில் ஊசி குத்துகிறாரென்றால் ஜனங்கள் ஐயுறுவது இயல்பே. கல்கத்தாவின் சேரிகளில் எதிர்ப்பும் இருந்தது. அவர் போலீஸாரைக் கொண்டு எவரையும் பிடித்துவரச் செய்யவில்லை. இந்திய வைத்தியர் சிலரைத் தோழராகக் கொண்டு, வீதிவீதியாகச் சென்று, காரணம் கூறி, விரும்பியவருக்கு மட்டும் மருந்து அளித்தார். ஒரே குடிசை வரிசையில், ஒரே குளத்து நீரைக் குடிப்போரில், ஊசி போட்டவர் எத்தனை பேர் நோயுற்றனர், போடாதவர் எத்தனை பேர் நோயுற்றனர் என்று கணக்கு வைத்தார். 1895இல் மலேரியாவால் உடல் நலிந்து ஐரோப்பா திரும்புமுன் ஏறத்தாழ 42,000 பேர் அவரிடம் ஊசி பெற்றிருந்தனர்.

1896 செப்டம்பரில் பம்பாய் நகரில் பிளேக் தோன்றியது. மீண்டும் இந்தியா வந்திருந்த ஹாப்கின் அக்டோபரில் அங்கே அனுப்பப்பட்டார். கிராண்ட் மெடிகல் காலேஜில் ஒரு சிறு இடமும், ஒரு குமாஸ்தாவும், மூன்று சேவகருமே அவருக்குக் கிடைத்த சாதனங்கள். இரவு பகல் உழைத்து மூன்று மாதத்தில் மருந்தைச் செய்து முடித்தார். 1897 ஜனவரி 10 அன்று அதைத் தம் உடலில் குத்திக்கொண்டார். பிற்காலத்தில் மற்றவருக்குக் கொடுத்ததைக் காட்டிலும் அதிகமான அளவையே தமக்குக் கொடுத்துக்கொண்டார். வலியும் கடுஞ்ஜுரமும் அனுபவித்து மீண்டார். அதைக் கண்ட பின்னர் காலேஜின் ஆசிரியர்களும் நகரப் பிரமுகர் சிலரும் தாமே முன்வந்து ஊசி போட்டுக்கொண்டனர். முன்வந்தவர்களில் வைத்தியத் தொழிலினர் முதன்மையாக இருந்ததை நேயர்கள் கவனிக்கவேண்டும்.

அம்மாத இறுதியில் பைகுல்லா சிறைச்சாலையில் பிளேக் புகுந்தது. கைதிகளில் இசைந்தவர்களுக்கு ஊசி போடப்பட்டது. ஊசி போடாதவரில் 12 பேர் நோயுற்று 6 பேர் மாண்டனர். போட்டுக்கொண்டவரில் இருவரே நோயுற்றனர், ஒருவரும் மாளவில்லை. சிறைக்கதவுக்குள் இருப்பவரின் இசைவு எவ்வளவு தூரம் சுதந்தரமான இசைவு என்று இன்று நாம் கேட்போம், கேட்கவும் வேண்டும். எனினும் மருந்து உயிர்காக்க வல்லதென்பது அங்கே வெளிப்பட்டது.

அதே 1897இல் புனா நகரில் நடந்ததை நம் நாட்டார் மறக்கவில்லை. கொள்ளைநோய்ச் சட்டத்தின் பலத்தால் ராணுவச் சிப்பாய்கள் வீடுகளுக்குள் புகுந்தனர், ஸ்திரீகளைப் பரிசோதித்தனர், பண்டங்களை எரித்தனர், நோயுற்றவரையும் ஐயத்திற்குரியவரையும் பெயர்த்துக் கொண்டுபோயினர். ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரி ராண்டு சுடப்பட்டார். சாபேகர் சகோதரர் தூக்கிலிடப்பட்டனர். லோகமான்ய திலகர் ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு 18 மாதத் தண்டனை பெற்றார். அந்தத் திலகரே பிளேக் நோயாளிகளுக்கென ஓர் ஆஸ்பத்திரி ஏற்படுத்தியவர் என்பதை மறத்தலாகாது. ஜனங்கள் வெறுத்தது வைத்தியத்தையன்று. மானத்தை மிதித்துக்கொண்டு வந்த வைத்தியத்தையே வெறுத்தனர்.

அவ்வருஷம் மார்ச் 10 அன்று புனாவில் மற்றோர் உயிரும் பிரிந்தது. பெண்கல்விக்காக வாழ்நாளெல்லாம் உழைத்த சாவித்திரிபாய் பூலே, தம் புதல்வர் யசுவந்தர் நடத்திய வைத்தியசாலையில் பிளேக் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்துவந்து, அந்நோயே தொற்றி மாண்டார். ஹாப்கின் தம்மீது மருந்தைச் சோதித்து அப்போது இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. நோயுற்றவரைத் தொட்டுத் தூக்குபவரே முதலில் பலியாகிறவர். ஆஸ்பத்திரி ஊழியருக்குத் தடுப்பு ஊசி என்பது நோயாளியின் காவல் மட்டுமன்று. ஊழியரின் காவலும் ஆகும்.

இனி ஹாப்கினின் துன்பத்தைக் கூறுவோம். 1899இல் பரேலில் இருந்த பழைய கவர்னர் மாளிகையில் அவருடைய ஆராய்ச்சிசாலை அமைந்தது. மருந்துக்குத் தேவை பெருகிற்று. 1902 அக்டோபர் 30 அன்று, இன்று பாகிஸ்தானைச் சேர்ந்துள்ள பஞ்சாபின் மல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களில் ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேருக்கு நரம்பிசிவு நோய் கண்டு, அத்தனை பேரும் மாண்டனர். கொடிய சம்பவம்! விசாரணைக் கமிஷன், புட்டி பம்பாயில் மூடப்படுமுன்னரே கெட்டதென்று முடிவு செய்தது. கார்பாலிக் திராவகம் சேர்ப்பதை விடுத்து உஷ்ணத்தால் மருந்தைச் சுத்தி செய்யும் முறையைக் கைக்கொண்டதற்காக ஹாப்கின்மீது பழி விழுந்தது. தலைமைப் பதவி போயிற்று. வைத்தியப் பட்டம் பெறாத அந்நியர், யூதர் என்பனவும் அவருக்கு விரோதமாக நின்றனவென்று பின்வந்த சரித்திரக்காரர் பலர் எழுதியுள்ளனர்.

உண்மை மெல்ல வெளிவந்தது. புட்டியைத் திறந்த உதவியாளர் கையிலிருந்து குறடு தரையில் விழுந்ததும், அதைச் செவ்வையாகச் சுத்தி செய்யாமலே உபயோகித்ததும் தெரியவந்தன. மலேரியா ஆராய்ச்சியில் புகழ்பெற்ற ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர் 1907இல் லண்டன் பத்திரிகையில் அவருக்காக வாதாடினர். அவ்வருஷத்திலேயே அவர் குற்றமற்றவரென்று ஏற்கப்பட்டு மீண்டும் இந்தியா வந்தார். ஆனால் பம்பாய் ஆராய்ச்சிசாலை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை; கல்கத்தாவில் ஒதுக்கமாக வைக்கப்பட்டார். 1897 முதல் 1925 வரை பம்பாயிலிருந்து ஏறத்தாழ 2 கோடி 60 லட்சம் அளவு பிளேக் மருந்து அனுப்பப்பட்டது. 1925இல் அந்த ஆராய்ச்சிசாலைக்கு அவர் பெயரே இடப்பட்டது. 1930 அக்டோபர் 26 அன்று ஸ்விட்ஸர்லாந்தின் லொஸான் நகரில் அவர் காலமானார். 1964இல் இந்திய ஸர்க்கார் அவர் உருவத்துடன் தபால் தலை வெளியிட்டது.

இச்சரித்திரத்தினின்று நாம் பெறும் முடிவு யாது? வீட்டில் இருக்கும் குடிமகனுக்கும் ஆஸ்பத்திரி ஊழியருக்கும் பேதம் உண்டு. குடிமகன் பிறரை விட்டு விலகி நிற்கலாம். பிறரும் அவனை விட்டு விலகலாம். படுக்கையில் கிடக்கும் நோயாளியோ, தன்னைத் தொடும் கை எதுவென்று தேர்ந்தெடுக்க இயலாதவன். அவனுடைய பலவீனத்தை நம்பிக்கையாகப் பெற்றுக்கொண்ட தொழிலுக்கு, மற்றத் தொழிலுக்கில்லாத கடமையும் உண்டு. ஆகவே, நோய் பரவுவதை உண்மையாகக் குறைக்கும் ஊசியை, அப்படுக்கையருகே நிற்கும் ஊழியருக்கு நிபந்தனையாக விதிப்பது நியாயமே என்பது நமது அபிப்பிராயம்.

ஆனால் விதிப்பவருக்கும் கடமைகள் உண்டு. முதலாவது, கட்டளையிடும் அதிகாரியும் ஆஸ்பத்திரித் தலைவரும் தம் கையை முதலில் நீட்டவேண்டும். கடைநிலைத் துப்புரவுத் தொழிலாளியிடம் மட்டும் சட்டத்தைக் காட்டுவது அக்கிரமம். இரண்டாவது, மருந்தின் பயனும் தீங்கும் பற்றிய கணக்கு மறைவின்றி வெளியிடப்படவேண்டும். கொரோனா மருந்து கடும் நோயையும் மரணத்தையும் பெரிதும் தடுத்தது. எனினும் கிருமி உருமாற, பிறருக்குத் தொற்றுவதைத் தடுக்கும் ஆற்றல் குறைந்தது. அடிப்படை மாறினால் விதியும் மாறவேண்டும். நேற்றைய கணக்கைக் கொண்டு இன்று ஒருவன் ஜீவனத்தைப் பறித்தல் தகாது. மூன்றாவது, உடல்நிலை காரணமாக ஊசி ஏற்க இயலாதவருக்கு நோயாளிகளைத் தீண்டாத வேறு வேலை தரவேண்டும். நான்காவது, ஊசியால் தீங்கு நேர்ந்தால் அதன் நஷ்டத்தை ஸர்க்கார் ஏற்கவேண்டும். காரணத்தை நேர்மையாகத் தேடவேண்டும். மல்கோவாலில் மாண்ட 19 பேரின் குடும்பங்களுக்கு வேண்டியிருந்தது உண்மை; கிடைத்ததோ பழி சுமத்த ஒரு மனிதர்.

இந்நான்கு கடமைகளையும் செய்யாத ஸர்க்கார் கட்டாயம் என்னும் ஆயுதத்தை எடுக்குமானால், புனாவின் கதையே மீளும். செய்த ஸர்க்காருக்கோ அவ்வாயுதம் பெரும்பாலும் தேவைப்படாது. தேவைப்படும்போதும் ஊழியர் அதை அவமானமாகக் கொள்ளார். ஹாப்கினிடம் சட்டத்தின் பலம் இருக்கவில்லை. தம் உடலிலேயே முதலில் ஏற்ற ஊசியின் பலம் இருந்தது. அந்தப் பலத்தைப் பெற்றுக்கொண்டே கட்டளையிடக் கற்குமாறு அதிகாரத்திலிருப்போரையும், தம் தொழிலின் தர்மத்தை உணர்ந்து தாமே முன்வருமாறு வைத்திய ஊழியரையும் வேண்டுகிறோம்.