செவிச்செல்வத்தால் வளர்ந்த இசைமாமேதை ஹைடன்

மேலைநாட்டு இசையுலகில் சிம்பொனியின் தந்தை என்று போற்றப்படுபவர் ஜோசப் ஹைடன். நூற்றுக்கு மேற்பட்ட சிம்பொனிகளை இயற்றியவர். நான்கு நரம்புக் கருவிகள் இணைந்திசைக்கும் படைப்புகளுக்கு நிலையான வடிவம் அமைத்தவர். இயற்றியவர் என்ற முறையிலேயே உலகம் அவரை நன்கறியும். ஆயின் அவர் வாழ்வைக் கூர்ந்து நோக்குவார்க்கு மற்றோர் உண்மையும் புலப்படும். அறுபதை நெருங்கிய வயதில், பிறர் இசையைக் கேட்க வந்த பெருங்கூட்டத்தில் தாமும் ஒருவராக அவர் அமர்ந்திருந்தார். அவ்வாறு கேட்டதே அவருடைய தலைசிறந்த படைப்புக்கு வித்தாயிற்று. புகழின் உச்சியை எட்டிய பின்னரும் மாணவனைப் போலச் செவி கொடுத்தவர் என்பதே அவருடைய தனிச்சிறப்பு.

ஆஸ்திரிய நாட்டில், ஹங்கேரி எல்லையை ஒட்டிய ரோராவ் என்னும் சிற்றூரில் 1732ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் ஹைடன் பிறந்தார். தந்தை வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். தாய் திருமணத்துக்கு முன் அவ்வூர்ப் பிரபுவின் மாளிகையில் சமையற்காரியாக இருந்தவர். தந்தைக்கு இசைக் குறிகளை வாசிக்கத் தெரியாது; எனினும் யாழ் போன்ற கருவியை மீட்டி மாலை வேளைகளில் பாடுவார். குழந்தையின் குரலைக் கேட்டு வியந்த உறவினர் ஒருவர், ஆறு வயதளவில் அவனை ஹைன்பர்க் நகருக்கு அழைத்துச் சென்று இசை பயிற்றுவித்தார். அதன் பின் பெற்றோருடன் நிலையாக வாழும் பேறு ஹைடனுக்கு வாய்க்கவில்லை.

1740ஆம் ஆண்டளவில் வியன்னாவிலுள்ள புனித ஸ்டீபன் பேராலயத்தின் பாடகர் குழுவில் சேர்க்கப்பட்டார். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அங்குப் பாடினார். பல குரல்கள் ஒன்றி எழும்போது கற்கூரைக்குக் கீழே உண்டாகும் அதிர்வை இளமையிலேயே உள்ளிருந்து உணர்ந்தவர் அவர். முறையான பாடம் அங்குக் குறைவு. கேட்டுக் கற்றதே மிகுதி. குரல் உடைந்ததும் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். கையில் பொருளின்றி, தங்க இடமின்றி வியன்னாத் தெருவில் நின்றபோது அவருக்கு வயது பதினேழுதான். பின்பு ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடத்து அறையில் குடியிருந்து, சிறுவர்க்கு இசை கற்பித்தும், தெருவிசைக் குழுக்களில் வாசித்தும் வயிறு வளர்த்தார். இத்தாலிய இசையாசிரியர் போர்ப்பொராவுக்குப் பணிவிடை செய்து அவரிடமிருந்து இசையமைப்பின் நுணுக்கங்களைக் கற்றுக்கொண்டார்.

1761ஆம் ஆண்டில் ஹங்கேரியப் பெருங்குடியாகிய எஸ்டர்ஹாசி இளவரசர்களின் அவையில் துணை இசைத்தலைவராக அமர்ந்தார், 1766இல் தலைவரானார். அன்றைய வழக்கப்படி இசைத்தலைவரும் மாளிகை ஊழியரே. சீருடையும் வெண்காலுறையும் அணிந்து, நாள்தோறும் இருவேளை வாயிலறையில் காத்திருந்து, இன்று இசை உண்டா என்று கேட்டறிய வேண்டும். அவர் இயற்றுவன எல்லாம் இளவரசரின் உடைமை. அனுமதியின்றிப் பிறருக்குப் படி தரலாகாது. இளவரசர் நிக்கொலஸ் பாரிடன் என்னும் அருகிய நரம்புக் கருவியை வாசிப்பதில் விருப்புடையவர். அவருக்காகவே நூற்றிருபதுக்கு மேற்பட்ட மூவர் இசைகளை ஹைடன் எழுத நேர்ந்தது.

இந்த ஊழியத்தில் நன்மை இல்லாமலில்லை. தமக்கெனப் பயின்ற குழு ஒன்று எப்போதும் அருகில் இருந்தது. எழுதியதை அன்றே வாசிக்கச் செய்து, பொருந்தாததை மாற்றிப் பார்க்க முடிந்தது. உலகிலிருந்து ஒதுங்கி வாழ்ந்ததனாலேயே தனித்தன்மை பெற நேர்ந்ததெனப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்தார். ஆனால் அக்குழு சிறியது. இருபத்தைந்து பேரைத் தாண்டியது அரிது. கேட்போரோ இளவரசரும் அவர் விருந்தினரும் மட்டுமே. சதுப்பு நிலத்தின் நடுவே எழுப்பிய எஸ்டர்ஹாசா அரண்மனையில் ஆண்டின் பெரும்பகுதி கழிந்தது. 1772இல் இளவரசர் ஊர் திரும்பும் நாளைத் தள்ளிக்கொண்டே போக, குடும்பத்தைப் பிரிந்த வாத்தியக்காரர்கள் வாடினர். ஹைடன் ஒரு சிம்பொனி எழுதினார். அதன் இறுதிப் பகுதியில் ஒவ்வொருவராகத் தம் மெழுகுவத்தியை அணைத்துவிட்டு எழுந்து சென்றனர். முடிவில் இரண்டு வயலின்களே எஞ்சின. குறிப்பறிந்த இளவரசர் மறுநாளே புறப்பட ஆணையிட்டார் என்பர். ஒருவர் உள்ளத்தை இசையால் அசைக்கலாம் என்பதை ஹைடன் அறிந்திருந்தார். ஆயிரவர் உள்ளம் ஒருங்கே அசைவதைக் காணும் வாய்ப்போ அவருக்கு இன்னும் கிட்டவில்லை.

1779இல் புதிய ஒப்பந்தம் அவருடைய படைப்புகளின் மீதிருந்த கட்டை நீக்கியது. ஏடுகள் அச்சேறி ஐரோப்பா எங்கும் பரவின. பாரிஸ் நகரத்துப் பெருங்குழு ஒன்றுக்காக ஆறு சிம்பொனிகளை எழுதியனுப்பினார். அவை அங்கு முழங்கியபோது அவர் அங்கில்லை. புகழ் பயணம் செய்தது. புகழுக்குரியவர் சதுப்பு நிலத்திலேயே இருந்தார்.

1790 செப்டம்பரில் நிக்கொலஸ் மறைந்தார். அடுத்து வந்தவர் இசைக்குழுவைக் கலைத்தார். செய்தி அறிந்த சாலமன் என்னும் வயலின் கலைஞர் இலண்டனுக்கு அழைத்துச் செல்ல வந்து நின்றார். ஹைடனுக்கு அப்போது 58 வயது, கடலைக் கண்டதில்லை, ஆங்கிலமும் அறியார். நண்பர்கள் தயங்கினர். அவரைத் தந்தையாகவே மதித்த மோசார்ட் கண்ணீருடன் வழியனுப்பினார். அந்த மோசார்ட் ஓராண்டுக்குள் மறைந்த செய்தி இலண்டனிலேயே ஹைடனை எட்டியது. 1791ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் ஹைடன் கால்வாயைக் கடந்தார்.

இலண்டனில் அவர் கண்டது புதிய உலகம். ஹானோவர் சதுக்க மண்டபத்தில் பன்னிரண்டு நிகழ்ச்சிகளுக்கு ஐந்து கினி செலுத்தி மக்கள் இடம்பிடித்தனர். நாற்பது பேர் அளவிலான குழு. சாலமன் வயலினுடன் தலைமையேற்க, ஹைடன் விசைப்பலகை முன் அமர்ந்தார். கேட்க வந்தோர் இளவரசரின் விருந்தினர் அல்லர். பணம் கொடுத்து, விருப்பத்தால் வந்தோர். பிடித்த பகுதியை மீண்டும் வாசிக்கக் கேட்டனர். பிடிக்காததை மௌனத்தால் உணர்த்தினர். அவைக்கு ஏற்ப எழுதும் கலையை அறுபது வயதில் புதிதாகக் கற்றார் ஹைடன். மெல்லிய இசைக்கு நடுவே திடீரென முழுக்குழுவும் அதிரும் அந்தப் புகழ்பெற்ற சிம்பொனி 1792இல் அந்த மண்டபத்தில்தான் பிறந்தது.

ஆனால் அவரை முற்றிலும் மாற்றியவை அவர் தலைமையேற்ற நிகழ்ச்சிகள் அல்ல. ஹாண்டல் நினைவாக வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் இசைவிழாக்கள் 1784 முதல் நடைபெற்று வந்தன. தொடக்கத்தில் ஐந்நூறு பேர் அளவில் இருந்த பாடகர், வாத்தியக்காரர் தொகை 1791இல் ஆயிரத்தைக் கடந்தது. அவ்வாண்டு விழாவில் ஹைடன் கேட்போர் வரிசையில் அமர்ந்திருந்தார். ஹாண்டலின் படைப்புகள் அவர் முன்பே ஓரளவு அறிந்தவையே. எனினும் ஏட்டில் கண்டது வேறு. ஆயிரம் பேரின் மூச்சு ஒரே கணத்தில் எழுந்து கல்தூண்களில் மோதித் திரும்புவதைக் கேட்டது வேறு. மெசையாவின் அல்லேலூயாக் குழுப்பாடலில் மன்னரும் மக்களும் எழுந்து நின்றபோது ஹைடனும் எழுந்தார். குழந்தையைப் போல் அழுதார். ஹாண்டலே எல்லோர்க்கும் ஆசான் என்று ஒப்புக்கொண்டார். அதுவரை ஒன்றுமே அறியாதவன் போலத் தொடக்கத்திலிருந்து மீண்டும் பயிலத் தொடங்கும் உணர்வு அவருக்கு உண்டாயிற்றென அவரது வரலாற்றை எழுதிய கர்பானி குறிக்கின்றார்.

மறு ஆண்டு இன்னொரு கேள்வி அனுபவம் வாய்த்தது. இலண்டன் தருமப் பள்ளிகளின் ஏழைச் சிறார் ஆண்டுக்கொருமுறை புனித பவுல் பேராலயத்தில் கூடிப் பாடுவது வழக்கம். 1792இல் அதனைக் கேட்டார் ஹைடன். பாடிய சிறார் நாலாயிரம் பேர் என்று தம் குறிப்பேட்டில் எழுதினார். பாடப்பட்டதோ மிக எளிய இறைப்பாட்டு. அதன் சுரங்களையும் குறித்துக்கொண்டு, வாழ்நாளில் வேறெந்த இசையும் தம்மை இவ்வளவு உருக்கியதில்லை என்ற கருத்தையும் பதிந்தார். பேராலயப் பாடகர் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்ட சிறுவன் அவர். ஏழைக் குழந்தைகளின் குரல் அவருக்கு எதை நினைவூட்டியிருக்கும் என்பதை ஊகித்தல் அரிதன்று. நுட்பத்தின் கரையைக் கண்டவர், எளிமையும் திரளும் சேர்ந்தால் பிறக்கும் ஆற்றலை அங்குக் கண்டார்.

1794, 1795 ஆண்டுகளில் இலண்டனுக்கு மீண்டும் சென்று திரும்பியபோது, உலகத் தோற்றத்தைப் பற்றிய ஆங்கிலப் பாடல் ஏடு ஒன்று அவர் கையில் இருந்தது. ஸ்விட்டென் என்னும் பிரபு அதனை ஜெர்மன் மொழியில் ஆக்கித் தந்தார். நடிப்பும் ஒப்பனையும் இன்றி, பாடலாலும் இசையாலும் மட்டுமே சமயக் கதையைச் சொல்லும் ஒரட்டோரியோ வடிவில் ஹைடன் அதனைப் படைக்கலானார். நாள்தோறும் மண்டியிட்டுத் தொழுத பின்பே பேனாவை எடுத்தார். படைப்பு என்னும் அப்பெருநூல் முற்றுப்பெற ஓராண்டுக்கு மேலாயிற்று.

அதன் தொடக்கம் கவிஞர்கள் கருதத்தக்கது. உருவற்ற குழப்பத்தை நிலைகொள்ளாத சுரங்களால் இசைக்குழு தீட்டுகிறது. பின்பு பாடகர் குழு தாழ்ந்த குரலில் ஒளி பிறந்ததைச் சொல்கிறது. ஒளி உண்டாகும் ஆணை ஒரே முறைதான் பாடப்பட வேண்டும் என்று ஸ்விட்டென் ஏட்டின் ஓரத்தில் குறித்திருந்தார். ஹைடன் அதனை ஏற்றார். நரம்புக் கருவிகளின் மெல்லிய மீட்டு ஒன்று. உடனே குழுவும் கருவிகளும் ஒன்றாக வெடித்தெழும் பேரொலி. எதிர்பாராத அக்கணத்தை அவர் முன்கூட்டி எவர்க்கும் வெளியிடவில்லை. 1798 ஏப்ரல் இறுதியில் ஷ்வார்ட்சன்பெர்க் அரண்மனையில் அது முதன்முறை ஒலித்தபோது, அவையின் ஆரவாரத்தால் இசைக்குழு சில நிமிடம் தொடர இயலாது நின்றது. வெஸ்ட்மின்ஸ்டரில் தாம் பெற்ற அதிர்ச்சியை வியன்னாவுக்கு அவர் வழங்கிவிட்டார்.

1799 மார்ச் 19இல் பொதுமக்கள் முன் அரங்கேறியபோது ஏறத்தாழ 180 கலைஞர் பங்கேற்றனர். 1800இல் ஜெர்மன், ஆங்கிலம் ஆகிய இருமொழியிலும் அச்சாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 24இல் பாரிசில் இதனைக் கேட்கச் செல்லும் வழியில்தான் நெப்போலியன் குண்டுவெடிப்பினின்று உயிர் தப்பினார். வியன்னாவில் இசைக்கலைஞர்களின் விதவையர்க்கும் அநாதைக் குழந்தைகட்கும் நிதி திரட்ட இப்படைப்பு பன்முறை நிகழ்த்தப்பட்டது. ஹைடனே பலமுறை நடத்தினார். பால்டிக் கடல் தீவொன்றிலுள்ள பெர்கன் என்னும் சிற்றூரில் இசையார்வலர் தாமே கூடி இதனைப் பாடி மகிழ்ந்து நன்றி எழுதினர். களைத்த முதியவர்க்கு அக்கடிதம் பெரும் ஆறுதலாயிற்று.

களைப்பு உண்மையானதே. 1801இல் பருவங்கள் என்னும் பெரும்படைப்பு முடிந்ததும் உடல் தளர்ந்தது. எண்ணங்கள் ஓயாது எழுந்தன; அவற்றை அடுக்கி எழுதும் வலிமை இல்லை. தொடங்கிய நால்வர் இசை பாதியில் நின்றது. படைப்பாளிக்கு இதனினும் கொடிய துன்பம் இல்லை. எழுத முடியாதவர்க்கு எஞ்சியது கேட்பது ஒன்றே.

1808 மார்ச் 27ஆம் நாள், அவருடைய 76ஆம் பிறந்தநாளை ஒட்டி, வியன்னாப் பல்கலைக்கழகப் பெருமண்டபத்தில் படைப்பு நிகழ்த்தப்பெற்றது. சலியேரி நடத்தினார். நாற்காலியில் வைத்துத் தூக்கி வரப்பட்ட ஹைடனை எக்காளமும் முரசும் வரவேற்றன. குளிர் தாக்காதிருக்கச் சீமாட்டிகள் தம் சால்வைகளைப் போர்த்தினர். ஒளி பிறக்கும் இடத்தில் அவை ஆர்ப்பரித்தது. அவர் நடுங்கும் கையை மேலே காட்டி, அது தம்மிடமிருந்து வந்ததன்று, அங்கிருந்தே வந்தது என உணர்த்தினார். உணர்ச்சி மேலிட்டதால் முதற்பகுதி முடிந்ததும் அவரை அழைத்துச் செல்ல வேண்டியதாயிற்று. முன்னாள் மாணவராயிருந்து மனவேறுபாடு கொண்டிருந்த பீத்தோவன், அன்று குனிந்து அவர் கைகளை முத்தமிட்டார் என்பர். வாயிலில் ஒருமுறை நிறுத்தச் சொல்லி, திரும்பி, இசைக்குழுவை நோக்கிக் கையுயர்த்தி வாழ்த்தினார். அதுவே அவர் அமர்ந்த கடைசி அவை.

மறு ஆண்டு நெப்போலியன் படைகள் வியன்னாவைக் குண்டுவீசித் தாக்கின. வீட்டருகே குண்டு விழுந்தபோது பணியாளர்க்கு அவரே ஆறுதல் கூறினார். நகரைக் கைப்பற்றிய படையின் அதிகாரி ஒருவர் அவரைக் காண வந்து, படைப்பிலிருந்து ஒரு பாடலைப் பாடினார். பகைப்படை வீரனின் குரலில் தம் இசையைக் கேட்டு முதியவர் நெகிழ்ந்து அவரைத் தழுவிக்கொண்டார். 1809 மே 31ஆம் நாள் ஹைடன் காலமானார். ஜூன் 15இல் நடந்த நினைவு வழிபாட்டில் மோசார்ட்டின் இரங்கற்பா இசை ஒலித்தது. வென்ற நாட்டாரும் தோற்ற நாட்டாரும் ஒருங்கமர்ந்து கேட்டனர்.

எழுதுவோர் பலர்க்குப் புகழ் வந்தபின் செவி அடைத்துக்கொள்ளும். தம் குரலையன்றிப் பிறர் குரல் கேளாத நிலை அது. ஹைடன் அதற்கு மாறாக வாழ்ந்தார். பிறர் பாடும் அவையில் பெயரற்ற ஒருவராக நின்று அழ அவர் நாணவில்லை. ஏழைச் சிறாரின் எளிய பாட்டிலிருந்து கற்க மறுக்கவில்லை. தனியறையில் பிறக்கும் படைப்பு, பலர் கூடிய அவையில்தான் முழுமை பெறுகிறது என்பதை அவர் பாடியும் கேட்டும் அறிந்தார். கூடிக் கேட்பதற்கென்றே அவை கூட்டுவோர் உள்ளவரை அவர் வாழ்வு மறவாது போற்றத்தக்கது.