நாவுக்கரசர் காட்டிய பொறைநெறி

திருப்பணி நிறைவெய்திக் குடமுழுக்கு நிகழும் இந்நன்னாளில், உழவாரம் ஏந்தித் திருப்பணி செய்வார்க்கெல்லாம் வழிகாட்டியாய் விளங்கும் திருநாவுக்கரசு நாயனாரின் வரலாற்றைச் சிந்தித்தல் பொருத்தமாகும். பிறர் செய்த இன்னாமையால் உள்ளம் புண்படாத பெருந்தகைமையை அவர் யாரிடம் கற்றார் என்பதே ஈண்டு நாம் காணப்புகுவது.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில், வேளாளர் குடியில், புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகவாய்த் தோன்றிய மருணீக்கியாரே பின்னர் நாவுக்கரசர் ஆனவர். தந்தையார் பிணியால் மறைய, தாயாரும் உடன் உயிர் நீத்தார். தமக்கையார் திலகவதியார்க்கு மணம் பேசப்பெற்றிருந்த கலிப்பகையாரும் போரில் வீழ்ந்தார். தாமும் உயிர்விடத் துணிந்த அம்மையார், தம்பி தமியராய் வருந்துவாரே என்னும் இரக்கத்தால் உயிர் தாங்கினார். அங்ஙனம் வளர்ந்த தம்பியாரோ, உலகின் நிலையாமையை எண்ணிச் சமயங்களை ஆராயப் புகுந்து, சமணம் சார்ந்து, இன்று திருப்பாதிரிப்புலியூர் என வழங்கும் பாடலிபுத்திரத்தில் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை எய்தினார்.

தம்பியின்பொருட்டே உயிர் வாழ்ந்த தமக்கையார்க்கு இதனினும் பெருந்துயர் யாது? ஆயினும் அவர் அதனை நன்றிக்கேடு எனக் கொண்டு வெகுண்டாரல்லர். திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, அலகிட்டும் மெழுகியும் மலர்மாலை தொடுத்தும் பணி புரிந்து, தம்பியை ஆட்கொண்டருளுமாறு இறைவனை வேண்டினார். சூலை நோயால் நொந்த தருமசேனர் ஆள் விடுத்து அழைத்தபோது, தாம் கொண்ட நெறி பிறழ்ந்து சமணர் இருக்கைக்குச் செல்ல அவர் உடன்படவில்லை. இரவில் தாமே வந்து தம் அடியில் வீழ்ந்த தம்பியாரை வெறுத்து ஒதுக்கவும் இல்லை. அறியாமற் குழியில் வீழ்ந்து துன்புற்றார் என்றே இரங்கி, எழுப்பி, திருநீறு அளித்து, திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்குப் பதிகம் பாடிய அளவில் சூலை தீர்ந்தது. நாவுக்கரசு என்னும் திருப்பெயரும் வாய்த்தது.

பின்னர்ப் பல்லவ மன்னன் அவரைப் பெரிதும் வருத்தினான். அவனை முதலாம் மகேந்திரவர்மன் என ஆராய்ச்சியாளர் பலரும் கருதுவர். ஏழு நாள் நீற்றறையில் அடைத்தும், நஞ்சு கலந்த பாற்சோறு ஊட்டியும், யானையை ஏவியும், கல்லொடு பிணித்துக் கடலில் தள்ளியும் அவன் செய்த கொடுமைகளைச் சேக்கிழார் விரித்துரைக்கின்றார். நாவரசர் அரசாணைக்கு அஞ்சிப் பணியவில்லை. சமணரைக் கடிந்த பாடல்களும் அவர்க்கு உண்டு. அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், தம்மை வருத்திய அம்மன்னனை ஒறுக்குமாறு அவர் இறைவனை வேண்டியதாகப் பெரியபுராணம் கூறவில்லை. தாமும் ஒருகாலத்து அறியாது நின்றவர் என்பதை அவர் மறந்தாரல்லர்; அக்காலத்தை எண்ணி இரங்கிப் பாடிய பாடல்கள் பல. தமக்கையார் தம்மை நோக்கிய கண்ணாலேயே அவர் மன்னனை நோக்கினார் எனக் கோடல் தகும். அம்மன்னனே பின்பு சைவம் சார்ந்து, திருவதிகையில் குணபரவீச்சரம் என்னும் திருக்கோயிலை எடுப்பித்தான்.

முதுமையிலும் நாவரசர் தம் பெருமையைப் பொருட்படுத்தினாரல்லர். ஆண்டில் மிக இளையரான ஞானசம்பந்தர் திருப்பூந்துருத்திக்கு எழுந்தருளியபோது, ஒருவரும் அறியாவாறு கூட்டத்தினுள் புகுந்து சிவிகை சுமந்தார். தமக்கு உரிய வரிசையை எதிர்பாராதவர்க்கு அது குறைந்ததென்னும் வருத்தம் எங்ஙனம் உண்டாகும்? சென்ற தலங்கள்தோறும் புல் செதுக்கித் திருவீதி திருத்திய அப்பெரியார், எண்பத்தோராம் அகவையில், சித்திரைச் சதயத்தன்று திருப்புகலூரில் இறைவன் திருவடி எய்தினார்.

அன்பர்காள்! விழா நாளில் மாலையும் பரிவட்டமும் முன்பின்னாதல் உண்டு. அழைப்பிதழில் ஒருவர் பெயர் விடுபடுதலும், பெருங்கூட்டத்தில் ஒருவர் கடுஞ்சொல் கூறுதலும் உண்டு. பலவும் அறியாமையாலும் அயர்ச்சியாலும் நிகழ்வன. நம்மை இகழக் கருதிச் செய்தன அல்ல. இகழவே கருதிச் செய்தாராயினும், அவர் இரங்கத்தக்கவரே. ஒரு சிறு மனக்குறையால் ஆண்டுக்கணக்காகக் கோயில் வாயிலை மிதியாது, வழிபாட்டுப் பயனை இழந்தார் உளர். அவ்விழப்பு நமக்கு வாராதிருக்கத் திலகவதியாரையும் அவர் தம்பியாரையும் நினைந்து, நம் பணியை நாம் செய்வோமாக. திருச்சிற்றம்பலம்.