வானத்திலிருந்து கல் விழும் என்று சொன்ன கிளாட்னி

மணல் தூவிய தகட்டை வில்லால் தேய்த்து, ஒலிக்கும் கோலம் உண்டு என்று காட்டியவர் எர்ன்ஸ்ட் கிளாட்னி. 1756-ல் ஜெர்மனியின் விட்டன்பெர்க்கில் பிறந்தார். அப்பா சொன்னதால் சட்டம் படித்தார். அப்பா இறந்ததும் அறிவியலுக்கு வந்துவிட்டார். நிலையான வேலை கிடையாது. ஊர் ஊராகப் போய் செய்துகாட்டித்தான் பிழைப்பு.

விண்கற்கள் விண்வெளியிலிருந்தே வருகின்றன, கோள் உருவாகாமல் மிஞ்சிய அல்லது உடைந்த கோளின் துண்டுகளாக இருக்கலாம் என்று 1794-ல் எழுதினார். படித்தவர்கள் பலர் சிரித்தார்கள். வானத்திலிருந்து கல்லாவது, விழுவதாவது! பாமரர் கட்டிவிட்ட கதை என்பது அவர்கள் நினைப்பு.

கிளாட்னியோ கண்ணால் பார்த்தவர்களின் பழைய வாக்குமூலங்களை நூலகத்தில் தேடி, வக்கீல் மாதிரி ஒப்பிட்டார். எல்லாம் ஒத்துப்போயின. (வேண்டாவெறுப்பாகப் படித்த சட்டம் இங்கேதான் கைகொடுத்தது.) இன்னொரு சாட்சி, சைபீரியாவில் கிடைத்த சுமார் 700 கிலோ இரும்புக் கட்டி. அதற்குள் ஒலிவின் படிகங்கள் பதிந்திருந்தன. எரிமலையோ உலையோ இப்படி ஒன்றைத் தந்திருக்காது என்று வாதாடினார்.

1802-ல் இங்கிலாந்தின் எட்வர்டு ஹோவர்டு, காசி அருகே விழுந்தது உட்பட பல கற்களைச் சோதித்தார். அவற்றின் இரும்பில் நிக்கல் இருந்தது. மறுவருடம் பிரான்ஸின் லெக்லே ஊரில் ஆயிரக்கணக்கில் கற்கள் கொட்டின. அப்புறம் சிரிப்பு அடங்கிப்போச்சு.

கிளாட்னி 1827-ல் இறந்தார். சேர்த்து வைத்த விண்கற்கள் பெர்லின் பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்குப் போயின.