துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளந்து காட்டியவர்... கடலூரில் உயிரிழந்த பெஞ்சமின் ராபின்ஸ் யார்?

துப்பாக்கியிலிருந்து கிளம்பும் குண்டு எவ்வளவு வேகத்தில் போகும்? இன்று இது ஒரு பெரிய விஷயமே இல்லை. இரண்டு சென்சார், ஒரு சின்ன திரை இருந்தால் போதும். சுட்ட மறுநொடி வேகம் எண்ணாக வந்து நிற்கும்.

ஆனால், 1740-களில் அப்படி எதுவும் கிடையாது. ஒரு விநாடியை நூறாகப் பிரித்துக் காட்டும் கடிகாரம்கூட இல்லாத காலம். அப்போது ஒரு மரப்பலகை, ஒரு முக்காலி, கொஞ்சம் நாடா, இவ்வளவையும் வைத்துக்கொண்டு அந்த வேகத்தைக் கணக்கிட்டுக் காட்டினார் ஓர் ஆங்கிலேயர். அவர்தான் பெஞ்சமின் ராபின்ஸ். பீரங்கி, துப்பாக்கி பற்றிய அறிவியலின் வரலாற்றை யார் எழுதினாலும் இவர் பெயரைத் தாண்டிப் போக முடியாது. அவருடைய வாழ்க்கை முடிந்தது நம்ம கடலூரில் என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

தையல்காரர் மகன்

1707-ல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தார் ராபின்ஸ். அப்பா தையல்காரர். வசதி இல்லாத குடும்பம். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். போரில் ஆயுதம் ஏந்துவதே பாவம் என்று நம்புகிற பிரிவு அது. அந்த வீட்டில் பிறந்த பையன்தான் பின்னாளில் துப்பாக்கியை ஆராயப் போகிறார்!

கணக்கில் பையனுக்கு அபாரத் திறமை. அதைக் கவனித்த நண்பர்கள், அவர் எழுதிய சில கணக்குகளை லண்டனிலிருந்த ஹென்றி பெம்பர்ட்டன் என்ற அறிஞருக்கு அனுப்பினார்கள். நியூட்டனின் 'பிரின்சிபியா' நூலின் மூன்றாம் பதிப்பைச் சரிபார்த்து வெளியிட்டவர் இவர். பெம்பர்ட்டனுக்குப் பிடித்துப்போக, ராபின்ஸ் லண்டனுக்குக் கிளம்பினார். 1727-ல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவே ஆகிவிட்டார். அப்போது அவருக்கு வயது 20-ஐ ஒட்டித்தான். கல்லூரிப் பட்டம் எதுவும் கையில் இல்லை.

சில காலம் கணிதம் சொல்லிக்கொடுத்தார். பிறகு அது சலித்துப்போய், பாலம், துறைமுகம், கோட்டை என்று பொறியியல் பக்கம் திரும்பினார். இடையில் அரசியலிலும் இறங்கி, பிரதமராக இருந்த வால்போலைக் கடுமையாக விமர்சித்துச் சிறு நூல்கள் எழுதினார்.

கிடைக்காத வேலை, பிறந்த புத்தகம்

1741-ல் வூலிச் நகரில் ராணுவ அகாடமி தொடங்கப்பட்டது. அங்கே கோட்டைக்கலைப் பேராசிரியர் பதவிக்கு ராபின்ஸ் முயன்றார். வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

தன் தகுதியைக் காட்டுவதற்காகத் தயாரித்து வைத்திருந்த பாடங்களை அவர் வீணாக்கவில்லை. 1742-ல் 'பீரங்கியியலின் புதிய கோட்பாடுகள்' என்ற புத்தகமாக வெளியிட்டார். ஒல்லியான புத்தகம்தான். ஆனால், அதுவரை பீரங்கிக்காரர்கள் நம்பிவந்த கணக்கையே அது கவிழ்த்துப் போட்டது.

ஊசலை வைத்து அளந்தது எப்படி?

அவர் சோதித்தது மஸ்கெட் வகைத் துப்பாக்கியை. அதாவது, குழலின் வாய் வழியாகவே வெடிமருந்தைக் கொட்டி, ஈயக்குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து இறக்கிச் சுடுவது. நாம் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்கிறோமே, அதே பாணி.

ஒரு முக்காலியில், கனமான மரப்பலகை பொருத்திய ஊசலைத் தொங்கவிட்டார். எடை சுமார் 25 கிலோ. குண்டு வந்து மரத்தில் புதைந்ததும் ஊசல் பின்னால் ஆடும். அடியில் கட்டியிருந்த நாடா, ஊசல் எவ்வளவு தூரம் ஆடியதோ அவ்வளவு நீளத்துக்கு வெளியே இழுபடும். நாடாவை அளந்தால் போதும், மீதி எல்லாம் கணக்கு.

இதில் சூட்சுமம் என்ன? அதிவேகமாக வரும் சின்னப் பொருள், அசையாமல் இருக்கும் பெரிய பொருளில் மோதி ஒட்டிக்கொண்டால், எடை கூடிய அளவுக்கு வேகம் குறையும். அவர் சுட்ட குண்டின் எடை ஒரு பவுண்டில் 12-ல் ஒரு பங்கு, அதாவது சுமார் 38 கிராம். ஊசலோ அதைப்போல ஏறக்குறைய 670 மடங்கு. மணிக்கு 1,800 கி.மீ. வேகத்தில் வந்த குண்டு, தோராயமாக மனிதர் மெதுவாக நடக்கும் வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. கண்ணால் பார்க்கவே முடியாத வேகத்தை, கையால் அளக்கக்கூடிய வேகமாக மாற்றிவிட்டார் மனுஷன்.

காற்றை மறந்த கணக்கு

அடுத்து அவர் செய்ததுதான் உண்மையான அதிரடி. ஊசலை வெவ்வேறு தூரங்களில் வைத்துச் சுட்டுப் பார்த்தார். 25 அடியில் குண்டின் வேகம் விநாடிக்கு 1,670 அடி. 75 அடியில் 1,550. 125 அடியில் 1,425. அதாவது, வெறும் 100 அடி தூரம் கடப்பதற்குள் விநாடிக்கு 245 அடி காணாமல் போயிருக்கிறது.

எங்கே போனது? காற்று தின்றுவிட்டது. குண்டைக் காற்று பின்னால் தள்ளும் விசை, அந்தக் குண்டின் எடையைப்போல 120 மடங்கு என்று ராபின்ஸ் கணக்கிட்டார்.

அதுவரை என்ன நினைத்துக்கொண்டிருந்தார்கள்? 17-ம் நூற்றாண்டில் கலிலியோ, எறியப்படும் பொருள் பரவளையப் பாதையில் போகும் என்று காட்டியிருந்தார். காற்று இல்லாத இடத்தில் அது சரி. கனமான குண்டுக்குக் காற்றெல்லாம் ஒரு பொருட்டே இல்லை என்று நினைத்து, பீரங்கி நூல்கள் அந்தக் கணக்கையே பயன்படுத்தின. அதன்படி பார்த்தால், மஸ்கெட் குண்டு 17 மைல் பறக்க வேண்டும். நிஜத்தில் அரை மைல் போனாலே அதிசயம்.

இவ்வளவு பெரிய வித்தியாசம் போர்க்களத்தில் எத்தனையோ பேர் கண் முன்னால் இருந்தது. ஆனாலும், தூரம் தூரமாகச் சுட்டு, வேகத்தை அளந்து, காரணத்தை எண்ணோடு எடுத்து வைத்தவர் ராபின்ஸ்தான். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றின் எதிர்ப்பு திடீரென எகிறுகிறது என்பதையும் அவர் கவனித்தார். சூப்பர்சோனிக் விமானங்களைக் கட்டியவர்கள் 20-ம் நூற்றாண்டில் மல்லுக்கட்டிய அதே பிரச்சினை.

வளைத்த குழல், வளைந்த குண்டு

இன்னொரு புதிர் இருந்தது. ஒரே துப்பாக்கி, ஒரே மருந்து, ஒரே குறி. ஆனாலும், குண்டு ஒரு தடவை இடதுபக்கம் விலகும், அடுத்த தடவை வலதுபக்கம் விலகும். ஏன்?

குழலுக்குள் போகும்போது குண்டு ஏதோ ஒரு பக்கச் சுவரை உரசுகிறது. அந்த உரசலில் சுழல ஆரம்பிக்கிறது. சுழலும் பந்தைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளும் என்றார் ராபின்ஸ். ஸ்பின்னர் வீசும் பந்து காற்றிலேயே விலகுவதைக் கிரிக்கெட்டில் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான்.

சொல்லிவிட்டால் போதுமா, நிரூபிக்க வேண்டாமா? ஒரு துப்பாக்கிக் குழலின் முனையை இடதுபக்கமாகச் சற்று வளைத்தார். வழியில் மெல்லிய காகிதத் திரைகளை நிறுத்திவிட்டுச் சுட்டார். குண்டு முதலில் இடதுபக்கம்தான் கிளம்பியது. ஆனால், போகப் போக வலதுபக்கம் திரும்பியது. வளைந்த குழலின் வலது சுவரை உரசி வந்ததால் ஏற்பட்ட சுழற்சி அதைத் திருப்பிவிட்டது. காகிதத்தில் விழுந்த ஓட்டைகளே சாட்சி. இந்த விளைவுக்கு, நூறு ஆண்டுக்குப் பிறகு ஆராய்ந்த ஜெர்மானியரான மேக்னஸின் பெயர் நிலைத்துவிட்டது. ராபின்ஸ் விளைவு என்று சொல்பவர்களும் உண்டு.

ரைஃபிள் பற்றிய எச்சரிக்கை

காரணம் தெரிந்ததும் தீர்வும் கிடைத்தது. சுழற்சியைத் தவிர்க்க முடியாதென்றால், அதை நமக்கு வேண்டிய திசையில் கொடுத்துவிட வேண்டும். குழலின் உள்சுவரில் திருகுபோல வரிகள் வெட்டினால், குண்டு தான் போகும் திசையையே அச்சாகக் கொண்டு சுழலும். பக்கவாட்டில் விலகாது. அதுதான் ரைஃபிள்.

ரைஃபிள் அப்போதே இருந்தது. ஆனால், அது ஏன் குறி தவறுவதில்லை என்பதற்குச் சரியான விளக்கம் இல்லை. 1747-ல் ராயல் சொசைட்டியில் ராபின்ஸ் அந்த விளக்கத்தைக் கொடுத்தார். உருண்டைக் குண்டுக்குப் பதில் முட்டை வடிவக் குண்டு நல்லது என்றார். ரைஃபிளின் பயனை முழுதாகப் புரிந்துகொண்டு தன் படைக்குக் கொடுக்கும் நாடு மற்ற எல்லாரையும் மிஞ்சிவிடும் என்றும் எச்சரித்தார். அவர் நாட்டு ராணுவம் இதைப் பெரிய அளவில் ஏற்க இன்னும் நூறு ஆண்டு ஆனது.

தாமதத்துக்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. வரிகளில் குண்டு இறுக்கமாகப் பதிந்தால்தான் சுழலும். ஆனால், இறுக்கமான குண்டை வாய் வழியாக இறக்க, சுத்தியலால் அடிக்க வேண்டும். இல்லையென்றால், எண்ணெய் தடவிய தோலையோ துணியையோ சுற்றி இறக்க வேண்டும். போர்க்களத்தில் அதற்கெல்லாம் நேரம் ஏது?

அந்தத் துணியின் வாரிசை இன்றும் பார்க்கலாம். வாய்வழி நிரப்பும் ரைஃபிளோடு வேட்டைக்குப் போகும் அமெரிக்கர்கள் பலர், அளவில் சிறிய பிஸ்டல் தோட்டாவின் குண்டை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து இறக்குகிறார்கள். வரிகளைப் பிடிப்பது உறை. குழலைத் தாண்டியதும் அது கழன்றுவிட, குண்டு மட்டும் சுழன்றபடி பறக்கும். குட்டையான பிஸ்டல் குண்டு, நீளமான ரைஃபிள் குண்டைவிடச் சீக்கிரமே காற்றில் வேகம் இழக்கும். அதனால் தூரம் தூரமாக வைத்துச் சுட்டு, எங்கே எவ்வளவு வேகம் மிஞ்சுகிறது என்று பார்க்கிறார்கள். 25 அடி, 75 அடி, 125 அடி என்று ராபின்ஸ் செய்த அதே சோதனை.

கடலூருக்கு வந்த கதை

1746-ம் ஆண்டுக்கான காப்லி பதக்கம் ராபின்ஸுக்குக் கிடைத்தது. அவர் புத்தகத்தை மாபெரும் கணித மேதை ஆய்லர் 1745-ல் ஜெர்மன் மொழியில் பெயர்த்து, மூலத்தைவிடப் பெரிதாக விளக்கவுரையும் எழுதிச் சேர்த்தார். பின்னாளில் இளம் பீரங்கி அதிகாரியாக இருந்த நெப்போலியனும் அதைப் படித்துக் குறிப்பெடுத்தார்.

1746-ல் சென்னையைப் பிரெஞ்சுப் படை எளிதாகக் கைப்பற்றியது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கோட்டைகளைப் பற்றிய பயம் வந்தது. சென்னை திரும்பக் கிடைத்ததும், கோட்டைகளைப் பலப்படுத்த ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக நியமித்தது. 1749 கிறிஸ்துமஸ் சமயத்தில் கிளம்பியவர், கப்பல் மூழ்கும் ஆபத்திலிருந்து மயிரிழையில் தப்பி, 1750 ஜூலையில் கடலூர் தேவனாம்பட்டினத்தில் உள்ள புனித டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அப்போது தென்னிந்தியாவில் கம்பெனியின் தலைமையிடம் அதுதான்.

வந்த சில வாரங்களிலேயே காய்ச்சல். தேறி எழுந்து, புனித டேவிட் கோட்டைக்கும் சென்னைக் கோட்டைக்கும் திட்டம் வரைந்தார். ஆனால், உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1751 ஜூலை 29-ல் உயிரிழந்தார். கம்பெனிக்கு அறிக்கை எழுதிக்கொண்டே, கையில் பேனாவோடு போய்ச் சேர்ந்தார் என்று அவருடைய நண்பரின் குறிப்பு சொல்கிறது. அடுத்த மாதமே ராபர்ட் கிளைவ் ஆற்காட்டை நோக்கிப் படையோடு கிளம்பினார். போரைப் பாவமென்ற குடும்பத்தில் பிறந்தவரின் கடைசி உழைப்பு, நம் மண்ணில் நடந்த ஆதிக்கப் போருக்குத்தான் போனது.

ரைஃபிள் பற்றிய அவரது கட்டுரை, அவர் இறந்து 10 ஆண்டு கழித்து, 1761-ல் வந்த தொகுப்பில்தான் அச்சானது. அவர் பலப்படுத்த வந்த புனித டேவிட் கோட்டையை 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துத் தகர்த்துவிட்டார்கள். கடலூர் சில்வர் பீச் பக்கம் போனால், கெடிலம் ஆற்றங்கரையில் அதன் எச்சங்களை இப்போதும் பார்க்கலாம்.