நீரின் சுவடு கண்டவர்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 1893ஆம் ஆண்டு பிறந்த ஹெரால்டு யூரி, ஆறு வயதில் தந்தையை இழந்தார். நாட்டுப்புறப் பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றிய பின்னரே பல்கலைக்கழகம் சென்றார்.

திரவ ஹைட்ரஜனை மெல்ல ஆவியாக்கி, எஞ்சிய வாயுவின் நிறமாலையை 1931இல் அவர் ஆராய்ந்தார். இருமடங்கு நிறையுடைய ஹைட்ரஜன் அதில் புலப்பட்டது, அதுவே டியூட்டிரியம். 1934இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தபோது, உடனுழைத்த பிரிக்வெட், மர்பி இருவருக்கும் பரிசுத்தொகையில் பங்களித்தார். அறிஞரிடையேயும் அரிய பண்பு இது!

ஐசோடோப்புகளைப் பிரித்தறியும் அப்புலமையே, இரண்டாம் உலகப்போரில் அணுகுண்டுக்கான யுரேனியத்தைப் பிரிக்கும் பணிக்கு அவரை இழுத்தது. உள்ளம் கசந்த யூரி, 1945 மே மாதத்தில் சிலார்டுடன் சென்று அரசியல் தலைவர் பைர்ன்ஸைக் கண்டு எச்சரித்தார். பயன் விளையவில்லை; ஆகஸ்டில் ஹிரோஷிமா எரிந்தது.

போருக்குப்பின் சிகாகோவில் அதே புலமையைக் கடலுயிரிகளின் ஓடுகள்மீது செலுத்தினார். ஓடு உருவாகும்போது அதில் சேரும் ஆக்சிஜன்-18இன் விகிதம், நீரின் வெப்பநிலைக்கேற்ப மாறும். ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் கிடைத்த பெலம்னைட் என்னும் தொல்லுயிரின் புதைபடிவத்தை அவர் குழுவினர் அடுக்கடுக்காகச் சுரண்டி ஆராய்ந்தனர். ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அவ்வுயிர் கண்ட மூன்று கோடைகளும் நான்கு குளிர்காலங்களும் அதில் பதிந்திருந்தன.

யூரியின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஹார்மன் கிரெய்க், இம்முறையை நன்னீருக்கு விரித்தார். மழை, ஆறு, பனி ஆகியவற்றின் நீரில் கன ஹைட்ரஜனும் கன ஆக்சிஜனும் ஒரே நேர்கோட்டில் இணைந்து மாறுவதை 1961இல் காட்டினார். ஏரியில் தேங்கி ஆவியான நீரோ அக்கோட்டினின்று விலகும். யூரி 1981இல் மறைந்தார். கிணற்றில் ஊறுவது மழைநீரா, ஏரிநீரா என ஆய்வாளர் இன்றும் அக்கோட்டைக் கொண்டே கண்டறிகின்றனர்.